கல்வெட்டில் இடம்பெறாத பிள்ளைகள்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பமொன்றில் ஒருவர் இறந்தால், அவருக்கு உறவினர் இன்னின்னார் என்பது மூன்று முறை ஊருக்கு அறிவிக்கப்படுகின்றது. முதலாவது, வானொலியிலும் பத்திரிகையிலும் வெளிவரும் மரண அறிவித்தல். இரண்டாவது, செத்தவீட்டுக் கிரியை. கொள்ளி வைப்பவர் யார், வாய்க்கரிசி இடுவோர் யார், பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் யார் என்பதை ஊர் நின்று பார்க்கின்றது. மூன்றாவது, 31ஆம் நாள் அந்தியேட்டியையொட்டி அச்சிட்டு வழங்கப்படும் கல்வெட்டு. இறந்தவரின் குலமும் கல்வியும் தொழிலும் மணமும் மக்கட்பேறும் அதிலே வெண்பாவாகவும் விருத்தமாகவும் பாடப்படுகின்றன. கல்லிலே வெட்டப்படாமல் கடதாசியிலே அச்சாகும் இந்நூலுக்குக் கல்வெட்டு என்று பெயரிட்டவர்கள், அதிலே எழுதப்பட்டது அழியாது என்று கருதியிருத்தல் வேண்டும்.

இம்மூன்று பட்டியல்களும் சில வீடுகளில் பொய் சொல்கின்றன என்பதும், அப்பொய்யை நாம் பண்பாடு என்று பெயரிட்டுப் போற்றுகிறோம் என்பதுமே இக்கட்டுரையின் வாதம். விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, தந்தை இறந்த வீட்டின் வாசலில் வந்து நிற்கும்போது அப்பிள்ளைக்கு நாம் கொடுக்கும் இடம் யாது? அந்நியனுக்குக் கொடுக்கும் கதிரைகூட அப்பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. ஏனெனில், அந்நியனால் எவருக்கும் அச்சமில்லை.

இத்தகைய பிள்ளைகள் எங்கோ ஒரு சிலரே என்று சொல்லித் தப்பிவிட முடியாது. குடாநாட்டின் கல்வியும் உத்தியோகமும் ஆண்களைத் தனியே தூரதேசம் அனுப்பிய வரலாறு நீண்டது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் மலாயாவுக்கும், பின்னர் கொழும்புக் கந்தோர்களுக்கும், மலைநாட்டுப் பாடசாலைகளுக்கும் கடைகளுக்கும், 1983க்குப் பின் கடல்கடந்த நாடுகளுக்கும் நம்மவர் சென்றனர். சென்ற இடத்தில் அவர்கள் வாழ்ந்தனர். வாழ்ந்தவர்களில் சிலர் அங்கே பிள்ளைகளையும் விட்டுவந்தனர். ஊருக்கு வந்தது பென்சனும் பெட்டியும் மாத்திரமே. பெட்டியில் அடங்காத உறவுகளைப் பற்றி ஊர் கேட்கவில்லை. கேட்காதிருத்தலையே நாகரிகம் என்று கருதிக்கொண்டது.

இக்கேள்வி எனக்கு நூலகத்திலே பிறந்ததன்று. என் தந்தையார் ஆசிரியர். விவாகத்துக்கு முன் சில ஆண்டுகள் மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பித்தவர். அவர் இறந்த அன்று, இரவுப் பயணஞ் செய்து வந்த ஒரு பெண் தன் மகனுடன் எங்கள் முற்றத்தின் ஓரத்தில் நின்றார். பையனுக்கு எட்டு வயதிருக்கும். யாரென்று கேட்டவர்களுக்கு, “வாத்தியார் படிப்பிச்ச பிள்ளை” என்று என் பெரியதந்தையார் விடையளித்தார். அப்பெண்ணும் அதனை மறுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கச் சவத்தைச் சுற்றி நின்றபோது அப்பையன் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வேலியோரம் நின்று பார்த்தான். தன் பாட்டனைத்தான் பார்க்கின்றான் என்பது அவனுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. எட்டுச் செலவன்று என் மாமியார், தந்தையாரின் தங்கை, என்னைத் தனியே அழைத்துச் சொன்னபோதே அவர் எனக்குத் தமக்கை என்பதை அறிந்தேன்.

நான் பேராதனைக்குத் திரும்பிய பின் அவரைத் தேடிச் சென்றேன். ஒரு பிஸ்கற் தகரத்துள் என் தந்தையார் அனுப்பிய கடிதங்களும், மாதந்தோறும் வந்த காசுக்கட்டளைகளின் துண்டுகளும் இருந்தன. அவருடைய படிப்பு முடியும்வரை அவை வந்திருக்கின்றன. என் தமக்கையார் ழகரத்தின் வாலைச் சற்று நீட்டியே எழுதுகிறார். அது என் தந்தையாரின் எழுத்து. நேரிற் கண்டு கற்க வாய்ப்பில்லாத பிள்ளை, கடிதங்களைப் பார்த்தெழுதிப் பழகிய எழுத்து. இருபத்தைந்து வயது இளைஞராக மலைச்சரிவில் நடந்து பாடசாலைக்குச் சென்ற ஒருவரைப் பற்றி, தம் தாயார் சொல்லக் கேட்டதை அவர் எனக்குச் சொன்னார். அந்த மனிதரை நான் அறியேன். இறந்தவரைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறியும் பேறு துக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைக்குமானால், அதனிலும் பெரிய ஆறுதல் வேறில்லை. இழந்த தந்தையின் ஒரு பகுதியை அவர் எனக்குத் தந்தார். மற்றைய பகுதியை நான் அவருக்குச் சொன்னேன். இருவரும் ஒருவரையே இழந்திருந்தோம்.

கல்வெட்டு அச்சுக்குப் போகுமுன் மக்கட்பேற்றில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டுமென்று நான் வாதாடினேன். பெரியவர்கள் இசையவில்லை. அச்சாகிய நூலில் அவர் பெயர் இல்லை. அவர்கள் எடுத்துரைத்த நியாயங்களை நான் அன்று முழுவதும் கேட்டேன். அவை எங்கள் வீட்டுக்கு மாத்திரம் உரியவையல்ல. சமூகம் முழுவதும் வழங்கும் நியாயங்கள் அவையாதலின் ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

இறந்தவரின் மானத்தைக் காக்க வேண்டும் என்பது முதல் நியாயம். மானம் என்பது செய்த செயலைப் பொறுத்ததா, அதனை மறைத்ததைப் பொறுத்ததா? ஒருவர் தம் பிள்ளைக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார் என்பதும் அவரைப் பற்றிய உண்மையே. அப்பிள்ளையைத் தம் பெயரால் அழைக்கத் துணியவில்லை என்பதும் உண்மையே. இரண்டையும் சேர்த்தே அவர் மனிதர். என் தந்தையாரை நான் நேசிக்கிறேன். ஆயினும் அவர் அத்தாய்க்கும் மகளுக்கும் செய்தது நீதியன்று என்று சொல்வதால் என் நேசம் குறைந்துவிடாது. இறந்தவரை மாசற்றவராக்கிப் பாடும் கல்வெட்டு அவரையே நம்மிடமிருந்து அப்புறப்படுத்துகின்றது. மேலும், மானம் காக்கப்படுவது எவருடைய செலவில் என்றும் கேட்டல் வேண்டும். இறந்தவரின் மானத்துக்கான கடனை உயிரோடிருக்கும் பிள்ளை தன் பெயரைக் கொடுத்துத் தீர்க்கவேண்டியிருக்கின்றது. இது எந்த நீதிநூலில் உள்ள முறை?

சொத்துக்காகத்தான் வருகிறார்கள் என்பது இரண்டாவது நியாயம். இதனைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொத்தின் பக்கத்தில் ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். முறையாகப் பிறந்த பிள்ளைகள் தந்தையின் காணிக்காக வழக்காடினால் அது உரிமை. முறைக்கு வெளியே பிறந்த பிள்ளை செத்தவீட்டு வாசலில் வந்து நின்றாலே அது பேராசை! உண்மையில் சட்டமே அப்பிள்ளைகளை வெறுங்கையராக்கி வைத்திருக்கின்றது. நாட்டின் பொதுச் சட்டமாகிய 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் வகுத்த நெறி இது: விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, மரணசாசனமின்றி இறந்த தாயின் ஆதனத்துக்கு உரித்துடையது; தந்தையின் ஆதனத்துக்கு உரித்தற்றது. யாழ்ப்பாணத் தமிழர்க்கென 1911இல் ஆக்கப்பட்ட கட்டளைச் சட்டத்தின் கீழும் அப்பிள்ளையின் நிலை வேறன்று. இத்தனைக்கும் நமது தேசவழமை சொத்தைப் பகுத்துக் காண்பதில் மிக நுட்பமானது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த அந்நூல் முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று ஆதனத்தின் பிறப்பை வகைப்படுத்துகின்றது. ஒரு பனங்காணி எவ்வழி வந்ததென்று நுணுகிக் கேட்கும் சமூகம், ஒரு பிள்ளை எவ்வழி வந்ததென்று கேட்பது அதனை விலக்குவதற்காக மாத்திரமே.

சட்டத்தின் முரண்பாடு இத்துடன் முடியவில்லை. 1889ஆம் ஆண்டின் பராமரிப்புக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டமும், விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைத் தந்தைக்கு விதிக்கின்றன. அஃதாவது, உயிரோடிருக்கும்போது சோறு கொடுக்கும் அளவுக்கு அவன் தந்தை. இறந்த மறுகணமே அவன் தந்தையல்லன். மரணம் ஒருவனைப் பிள்ளையற்றவனாக்கும் இவ்விந்தையை உயிரியல் அறியாது, சட்டம் அறியும். 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் இத்தகைய பிள்ளையின் பதிவிலே தந்தையின் பெயர் இடம்பெறுவதற்கு இருவரின் கூட்டு வேண்டுகோளையோ நீதிமன்றக் கட்டளையையோ வேண்டி நின்றது. தந்தை துணியாதவிடத்துக் கூண்டு வெறுமையாக விடப்பட்டது. அவ்வெறுமையைப் பாடசாலையிலும் கந்தோரிலும் விளக்கவேண்டிய பொறுப்பு மட்டும் பிள்ளைக்கு உரியதாயிற்று.

மலைநாட்டுத் தமிழ்ப் பெண்களின் பிள்ளைகளுக்கு இதனால் நேர்ந்த கேடு இன்னும் கொடியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வமிசவழிப் பிரசாவுரிமையைத் தந்தை வழியாக வழங்கியது. ஆனால் விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியையே அது கணக்கிலெடுத்தது. அதே சட்டத்தால் பிரசாவுரிமை மறுக்கப்பட்ட தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு, இந்நாட்டுப் பிரசையாகிய ஒருவனாற் பிறந்த பிள்ளையின் நிலை யாது? தந்தைக்கு நாடு இருந்தது, பிள்ளைக்கு இல்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத் திருத்தங்கள் வரும்வரை இந்நிலை முற்றாக நீங்கவில்லை. மலைநாட்டு மக்களின் பிரசாவுரிமைப் பறிப்பைக் குறித்து மேடைகளிற் கண்ணீர் விட்ட நம்மவருள், தம் வீட்டு வேலியோரம் நின்ற பிள்ளையையும் அக்கணக்கிற் சேர்த்தவர் எத்தனை பேர்? வர்க்கமும் சாதியும் பிரதேசமும் சேர்ந்து அப்பிள்ளையை வெளியே நிறுத்தின. ‘மானம்’ என்ற சொல் அம்மூன்றுக்கும் போர்த்திய வெள்ளைத் துணியாகும்.

திருமணம் என்ற நிறுவனம் சிதைந்துவிடும் என்பது மூன்றாவது நியாயம். திருமணத்தின் பெயரால் கட்டப்படுவது இரு முதியவர்களின் உடன்படிக்கை. அதனை மீறியவரைக் கண்டியுங்கள், தண்டியுங்கள். உடன்படிக்கையிற் கையொப்பமிடாத, அப்போது பிறந்தேயிராத ஒருவரைத் தண்டித்து எந்த நிறுவனத்தை நிலைநிறுத்த முடியும்? பல நூற்றாண்டுகளாகப் பிள்ளையைத் தண்டித்தும் தந்தையர் திருந்தியதாகத் தெரியவில்லை. தண்டனை தமக்கு வராதென்று அறிந்தமையே அவர்களுடைய துணிவுக்குக் காரணமாயிற்று. இவ்வேற்றுமையை நீக்கிய நாடுகள் பல. 1979இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெல்ஜிய நாட்டு வழக்கொன்றில், மணமாகாத தாயின் பிள்ளையை வேறுபடுத்தும் சட்டம் மனித உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்து 1987ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தத்தால் இவ்வேற்றுமையைப் பெரிதும் களைந்தது. அயல்நாடாகிய இந்தியாவின் உச்ச நீதிமன்றம், செல்லாத விவாகத்திற் பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் சொத்தில் உரிமையுண்டென 2023இல் உறுதிப்படுத்தியது. அங்கெல்லாம் மக்கள் இன்றும் மணம் புரிகின்றனர். பிறப்பின் நிலை காரணமாகக் குழந்தைகளிடையே வேறுபாடு காட்டலாகாது எனக் கூறும் 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கையும் 1991இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட கை சட்டப் புத்தகத்தைத் திருத்த ஏனோ நீளவில்லை.

நான்காவது நியாயம் ஒன்றுண்டு. நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய நியாயம் இதுவொன்றே. கணவனை இழந்து கிடக்கும் பெண்ணின் முன் இவ்வுண்மையைக் கொண்டு வந்து வைப்பது கொடுமையன்றோ என்று கேட்கின்றனர். அவளது வேதனை மெய்யானது. அதனை இலேசாக எண்ணும் எவரும் சீர்திருத்தம் பேசத் தகுதியற்றவர். ஆனால் அவ்வேதனையை உண்டாக்கியவர் யார் என்பதை மறந்துவிடலாகாது. அதனை உண்டாக்கியது கணவனின் செயலும் சுற்றத்தாரின் மௌனமும். வாசலில் நிற்கும் பிள்ளையன்று. அப்பிள்ளையிடம் அன்பு செலுத்து என்று எப்பெண்ணையும் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. நாம் கோருவது அன்பையன்று, இடத்தை. அன்பு அவரவர் உள்ளத்தின் அலுவல். இடம் சமூகத்தின் கடமை. பெண்ணின் துயரைக் காரணங்காட்டி ஆண்கள் கூடி முடிவெடுக்கும் செத்தவீடுகளில், அப்பெண்ணின் கருத்தைக் கேட்டவர் எவர்? என் தாயார் கல்வெட்டைப் பற்றிய வாதத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் பேராதனைக்குப் புறப்பட்ட அன்று, வீட்டிலிருந்த பலகாரத்திற் கொஞ்சத்தைப் பொதிசெய்து, “அந்தப் பொடியனுக்கும் குடு” என்று மாத்திரம் சொன்னார். பெரியவர்கள் காப்பாற்றுவதாகச் சொன்ன மனம் அவர்களைவிட முன்னே சென்றிருந்தது.

இது நம் மரபுக்கு ஒவ்வாத புதுமை என்போர் அம்மரபின் நூல்களை ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று. கம்பன் காவியத்தில், தந்தையை இழந்த துயரோடு இராமனைத் தேடிச் செல்லும் பரதன் கங்கைக்கரையிற் குகனைக் காண்கின்றான். கணவனை இழந்து, மகனையும் பிரிந்து நிற்கும் கோசலையிடம், இராமனுக்குத் தம்பியாகவும் தங்களுக்கு முன்னவனாகவும் அவ்வேடனை அறிமுகஞ் செய்கின்றான். கோசலை குலம் கேட்கவில்லை. இக்குகனோடு நீங்கள் ஐவரும் ஒருவராய் நெடுங்காலம் நாடாளுங்கள் என்று வாழ்த்துகின்றாள். துக்கத்தின் நடுவே உறவைப் பெருக்கிக்கொள்ள அறிந்த விதவைத் தாய் அவள். மேடைதோறும் கம்பனைப் பட்டிமன்றமாக்கும் நாம் இக்காட்சியை நட்பின் பெருமை என்று பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

வியாச பாரதம் இன்னும் நேரடியாகவே பேசுகின்றது. போர் முடிந்து இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யும் வேளையிலேதான் குந்தி வாய் திறக்கின்றாள்: கர்ணனுக்கும் நீர் வாருங்கள், அவன் உங்கள் தமையன். தருமனின் துயரம் அப்போது இரட்டிப்பாகின்றது. முன்பே அறிந்திருந்தால் இப்பேரழிவு நேர்ந்திராதே என்று அவன் அரற்றுகின்றான். மறைக்கப்பட்ட உறவு மறைந்துபோவதில்லை; பகையாக வளர்ந்து குலத்தையே அழிக்கின்றது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? அதே பாரதத்தில் யுயுத்சு என்றொருவன் இருக்கின்றான். திருதராட்டிரனுக்குப் பணிப்பெண் வயிற்றிற் பிறந்தவன். நூற்றுவர் பெயர் கேட்டவர்களுள் இவன் பெயர் அறிந்தவர் குறைவு. நூற்றுவரும் மாண்டபின் எஞ்சியிருந்த மகன் அவனே. திருதராட்டிரன் இறந்தபோது பாண்டவர்கள் யுயுத்சுவை முன்னிறுத்தியே நீர்க்கடன் செய்தனர். ‘முறையற்ற’ பிள்ளைக்குத் தந்தையின் இறுதிக்கடனில் முதலிடம் கொடுத்த மரபு அது. நம் ஊர்ப் பெரியவர்கள் காக்கப் புறப்பட்டிருக்கும் மரபு எதுவோ!

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. முதலாவது கடமை தந்தையரைச் சார்ந்தது. உயிரோடிருக்கும்போதே பிள்ளையைப் பிள்ளையென்று சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதுவியுங்கள், சட்டம் திருந்தும்வரை மரணசாசனம் எழுதி வையுங்கள். உங்கள் மௌனத்துக்கு விளக்கம் சொல்லும் வேலையைச் செத்தவீட்டு முற்றத்திற் பிள்ளைகளிடம் விட்டுச் செல்லாதீர்கள். இரண்டாவது, சட்டம் திருத்தப்பட வேண்டும். தந்தைமை பதிவினாலோ, ஏற்புரையினாலோ, மரபணுச் சோதனையினாலோ நிறுவப்படுமிடத்து, எல்லாப் பிள்ளைகளும் மரணசாசனமற்ற ஆதனத்திற் சமபங்கு பெறுதல் வேண்டும். பொய்யுரிமை கோருவோர் வருவர் என்பது தடையாகாது. பொய் உறுதி எழுதுவோர் உண்டென்பதற்காக நாம் காணி உறுதியை ஒழித்துவிடவில்லை. மூன்றாவது, மொழியைத் துப்புரவு செய்தல் வேண்டும். பிள்ளைக்கு முன்னே ‘கள்ள’ என்றும், தாய்க்கு ‘வைப்பு’ என்றும் அடைமொழி கொடுத்துவிட்டு, தந்தைக்கு மட்டும் ‘அமரர்’ என்று அடைமொழி கொடுக்கும் வழக்கு, தமிழின் வளத்தைக் காட்டவில்லை. நமது கோழைத்தனத்தைக் காட்டுகின்றது.

நான்காவது கடமை நம்முடையது. கலைப்பீடத்து விரிவுரை மண்டபங்களில் நிலமானிய எச்சங்களைப் பற்றி மணிக்கணக்காக விவாதிக்கிறோம். சமூகவியல் வினாத்தாளில் குடும்பம் என்னும் நிறுவனத்தை வரைவிலக்கணப்படுத்திப் புள்ளி பெறுகிறோம். அவ்விவாதத்தின் உண்மையான பரீட்சை மண்டபம் நம் வீட்டு முற்றமே. அங்கு ஒருநாள், நாம் அறியாத ஒரு முகம் நம் தந்தையின் சாயலோடு வந்து நிற்கலாம். அன்று பெரியதந்தையார் சொல்வதைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்பதா, பந்தமொன்றை ஏற்றி அக்குழந்தையின் கையிற் கொடுப்பதா என்பதை அவ்வேளையில் யோசித்து முடிவெடுக்க அவகாசம் இராது. இன்றே முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரை இழப்பது எவராலும் தடுக்கமுடியாத துயரம். உடன்பிறந்தாரை இழப்பதற்கோ, அவர்களை அறியாமலே வாழ்ந்து முடிப்பதற்கோ இயற்கை காரணமன்று. பட்டியல் எழுதியவர்களே காரணம். மனிதர் எழுதிய பட்டியலை மனிதரே திருத்தலாம். அடுத்த கல்வெட்டு அச்சுக்குப் போகுமுன் அது திருத்தப்படட்டும்.